மாடிப்படிக்கு அடியில் ஒரு சூடு

என் அக்காள் கெசியாவின் வீட்டில் உறை போடாத பொருள் ஒன்று உண்டென்றால், அது என் அத்தான் அருமைநாயகம் மட்டும்தான். மார்கழி வந்துவிட்டால் அவர் தலைக்கும் ஒரு கம்பளிக் குல்லா ஏறிவிடும். பிரிட்ஜுக்கு மேலே ஒரு உறை, அதன் கைப்பிடிக்குத் தனியாக ஒன்று. மிக்சிக்கு, கிரைண்டருக்கு, காஸ் சிலிண்டருக்கு, டிவிக்கு, டிவியின் ரிமோட்டுக்கு, வேதாகமத்துக்கு, ஞானப்பாட்டுப் புத்தகத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் அவளே தைத்து, ஓரத்தில் பூவேலை செய்து போட்டிருப்பாள். அந்த வீட்டில் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் முதலில் குடத்தின் துணியை எடுக்க வேண்டும், பிறகு டம்ளரின் துணியை எடுக்க வேண்டும். எனக்குத் தாகமே போய்விடும்.

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பூவேலையும் பின்னலும் புதிதல்ல. மிஷன் காலத்தில் வெள்ளைக்காரத் துரைசானிகள் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனது, இன்னும் பெண்களின் கையில் இருக்கிறது. ஆனால் என் அக்காள் அளவுக்குப் போனவளை நான் கண்டதில்லை. தூசி பட்டால் பொருள் கெட்டுவிடும், மூடி வைத்தால் நாள்பட நிற்கும், அவ்வளவுதான் அவளுடைய கணக்கு. பொருளை மூடுவதும் பேணுவதும் அவளுக்கு ஒன்றுதான்.

பிள்ளையையும் அப்படித்தான் வளர்த்தாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவன் ஜாஸ்பர். ஒரே பிள்ளை. சித்திரை வெயிலில் அவனுக்குக் காலுறை போட்டு வைத்திருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். "மூச்சு முட்டுதும்மா" என்று போர்வையை உதைத்துத் தள்ளுவான். அவள் மறுபடி இழுத்துப் போர்த்துவாள். காலையில் எழுந்ததும் அவன் நெற்றியில் உள்ளங்கையை வைத்து, மேல் காய்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பாள். அவன் படித்து முடித்து, கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இன்ஜினியராகி, மீசை நன்றாகத் தடித்த பிறகும் அந்தக் கை அவன் நெற்றிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. அவனும் தினமும் குனிந்து கொடுத்துவிட்டுத்தான் பைக்கை எடுப்பான்.

எனக்கு வள்ளியூரில் இரும்புக்கடை. முன்கோபக்காரன் என்று ஊரில் பெயர். அக்காள் வீட்டுக்கு வந்தால் அந்த உறைகளைப் பார்த்தே பாதி கோபம் வந்துவிடும். ஆனால் ஜாஸ்பர் சிரித்துக்கொண்டே இருப்பான். அவனுக்கும் அவளுக்கும் சண்டை வந்தது ஒரே ஒரு விஷயத்தில்தான். அது அவனுடைய பாட்டுப் பெட்டி.

சம்பாதிக்கத் தொடங்கியதிலிருந்து அவனுக்கு அதுதான் பைத்தியம். மற்ற பையன்கள் காதில் மாட்டிக்கொண்டு திருப்தியாகிவிடுகிற காலத்தில், இவன் எங்கிருந்தோ பழைய ஸ்பீக்கர்கள் இரண்டை வாங்கிவந்து ஹாலின் இரு மூலையிலும் நிறுத்தினான். ஆம்ப்ளிஃபையர் என்று ஒன்றை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சமாதானபுரத்தில் அவர்கள் வீடு சின்னது. ஹாலில் வைக்க இடமில்லை. மாடிப்படிக்கு அடியில், முன்பு அரிசி மூட்டை போட்டிருந்த பொந்து ஒன்று இருந்தது. மரக்கதவு போட்ட பொந்து. அதற்குள் பலகை அடித்து, பெட்டியை உள்ளே ஏற்றி வைத்தான்.

அது சாதாரணப் பெட்டி அல்ல. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும், சுவிட்சைப் போட்டுவிட்டால் உள்ளே மின்சாரம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்குமாம். அதனால் எப்போதும் சூடாகவே இருக்கும். நன்றாகச் சூடேறிய பிறகுதான் அதில் பாட்டு கேட்க வேண்டும் என்பான். அந்தச் சூடு வெளியே போவதற்காகக் கதவை எப்போதும் திறந்தே வைத்து, சாத்திக்கொள்ளாமல் ஒரு செங்கலை முட்டுக்கொடுத்திருப்பான்.

அக்காள் சும்மா இருப்பாளா. நீலக் கேஸ்மென்ட் துணியில், உள்ளே இன்னொரு மடிப்புத் துணி கொடுத்து, நான்கு பக்கமும் இறங்குகிற மாதிரி பெட்டிக்கு ஒரு உறை தைத்தாள். முன்பக்கத்தில் திராட்சைக் கொடி. அவன் வேலைக்குப் போனதும் போட்டுவிடுவாள். அவன் வந்ததும் எடுத்துவிடுவான்.

"மூடாதீங்கம்மா. அதுக்கு மூச்சு முட்டும்."

"பெட்டிக்கு என்னலே மூச்சு?"

"இருக்கும்மா. தொட்டுப் பாருங்க."

அவள் தொட்டுப் பார்ப்பாள். "ஆமா, காயுது" என்பாள். மறுநாள் உறை திரும்பவும் ஏறியிருக்கும். போதாக்குறைக்கு அந்தச் செங்கலுக்கும் ஒரு உறை தைத்துப் போட்டாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தது அதற்குத்தான்.

போன ஆவணியில் ஒரு நாள் காலையில், வேலைக்குக் கிளம்பும்போது அவன் பெட்டியைப் போட்டான். அன்றைக்கு நடந்ததை அக்காள் என்னிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறாள் என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் சொல்வாள்.

"அம்மா, இன்னிக்கு இத அணைச்சிராதீங்க. சாயந்தரம் வந்து உங்களுக்கு ஒரு பாட்டு போடுதேன். அதுவரைக்கும் சூடாகிட்டு கெடக்கட்டும்."

"எந்தப் பாட்டுலே?"

"அத இப்ப சொல்ல மாட்டேன். வந்து போடும்போது கேளுங்க. மூடவும் செய்யாதீங்க, சொல்லிட்டேன்."

குனிந்து நெற்றியைக் கொடுத்தான். மேல் காயவில்லை. போனான்.

சாயந்தரம் தொழிற்பேட்டையிலிருந்து நான்குவழிச் சாலையில் ஏறுகிற இடத்தில் ஒரு லாரி. அதற்கு மேல் எழுத எனக்கு மனசில்லை.

மறுநாள் பெரியாஸ்பத்திரியிலிருந்து அவனைக் கொண்டுவந்தபோது ஹாலில் கால் வைக்க இடமில்லை. ஸ்பீக்கர்களைச் சுவரோடு ஒட்டித் தள்ளினார்கள். பெஞ்சு போட வசதியாக யாரோ அந்தச் செங்கலை எடுத்து வெளியே வைத்தார்கள். இத்தனை அழுகைக்கும் நடுவில் அக்காள் எழுந்துபோய், நீல உறையை எடுத்துப் பெட்டிமேல் போட்டு, நான்கு பக்கமும் இழுத்துச் சரிசெய்து, கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடி பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கூட்டத்தில் சின்னப் பிள்ளைகள் கையை வைத்துவிடக்கூடாதே என்றுதான் செய்திருப்பாள். தூசி படக்கூடாதே என்றும் இருக்கலாம். கை தானாகச் செய்த காரியம் அது.

அடக்கம் முடிந்த மறுநாள் அத்தான் பெட்டியை அணைக்கப் போனார். அக்காள் கதவின் குறுக்கே நின்றாள்.

"அவன் அணைக்காதன்னுட்டுப் போயிருக்கான்."

அவ்வளவுதான் சொன்னாள். அத்தான் திரும்பிவிட்டார். அதன் பிறகு அந்தப் பெட்டி அணையவே இல்லை.

அணையாமல் பார்த்துக்கொள்வது லேசான வேலை இல்லை. கரண்ட் போனால் பெட்டியும் போய்விடும் என்று அத்தான் ஒரு இன்வெர்ட்டர் வாங்கி மாட்டினார். மாதத்துக்கு ஒரு நாள், மராமத்து வேலைக்காகக் காலையிலிருந்து சாயந்தரம் வரை கரண்டை நிறுத்துவார்கள் அல்லவா, அன்றைக்கு வீட்டில் ஒரு மின்விசிறி ஓடாது, ஒரு விளக்கு எரியாது. இன்வெர்ட்டரில் இருப்பது முழுவதும் பெட்டிக்கு. பாளையங்கோட்டை வெயிலில் இரண்டு வயசாளிகளும் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, மாடிப்படியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஒரு நாளில் நான் போய் மாட்டிக்கொண்டேன். ஒரு விசிறியையாவது போடுங்கள் என்று கத்தினேன். இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தபோதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. காலையில் காபிக்கு முன்னால் அக்காள் என் கையைப் பிடித்து மாடிப்படிக்கு அடியில் கூட்டிக்கொண்டு போனாள்.

"இங்கன தொட்டுப் பாரு தம்பி."

சாத்திய கதவில் உள்ளங்கையை வைத்தேன். மரம் வெதுவெதுப்பாக இருந்தது. சுட்டுவிடுகிற சூடு இல்லை. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று யோசிக்க வைக்குமே, பிள்ளைகளுக்கு வருகிற அந்த லேசான காய்ச்சல், அந்த அளவு.

"மேல் காயுது, பாத்தியா" என்றாள். முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

அவளைத் திட்டலாமென்று நினைத்தேன். தினமும் காலையில் அவள் கை பழையபடி போய்க்கொண்டிருக்கிறது, வேறு இடத்துக்கு. இதில் யாரை என்ன சொல்ல.

பங்குனி முடிந்து சித்திரை வெயில் ஏறியதும் அந்தக் கதவு தட்ட ஆரம்பித்தது.

அத்தான் கடைக்குப் போன் செய்தார். வழக்கமாக அவர் போன் செய்தால் மழை பெய்ததா, வாழை என்ன விலை என்று சுற்றிவளைத்துத்தான் வருவார். அன்றைக்கு நேராக வந்தார்.

"வே, நீரு ஒரு நாள் வாரும். படிக்கு அடியில சத்தம் கேக்கு."

"எலியா இருக்கும் அத்தான்."

"எலி இல்ல வே. கதவத் தட்டுத சத்தம். டக்குனு ஒண்ணு. பெறவு கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு. மொதல்ல மத்தியானம் மட்டும் கேட்டுது. இப்ப ராத்திரி ஜெபத்துலயும் கேக்கு."

"அக்கா என்ன சொல்லுதா?"

"தட்டுதான்னு சொல்லுதா" என்றார்.

எங்கள் ஆட்களுக்குப் பேய் கிடையாது. செத்தவர்கள் கர்த்தருக்குள் நித்திரையாக இருக்கிறார்கள். கல்லறைத் திருநாளன்று போய்ப் பூ வைத்து, மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு வருவோம். அத்தோடு சரி. மற்றவர்களுக்காவது சாமியாடிக் கேட்க, திருநீறு வாங்கிப் பூச வழி இருக்கிறது. இப்படி ஒன்று வந்தால் அதற்குப் பெயர் சொல்லக்கூட எங்களுக்கு வழியில்லை. குடும்ப ஜெபத்தில் "டக்" என்று கேட்டதும் அக்காள் கண்ணைத் திறந்து படியைப் பார்ப்பாளாம். அத்தான் அதைப் பார்க்காதது மாதிரி இன்னும் சத்தமாக ஜெபம் பண்ணுவாராம். இரண்டு பேரும் அதைப்பற்றி ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே இல்லை.

"வீடு எரிஞ்சிரும்னு பயமா இருக்கு வே. அவ சனிக்கிழம மத்தியானம் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போயிருவா. நீரு அப்ப வாரும். அணைச்சிருவோம்."

போனேன். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பஸ்ஸில் வருகிற வழியெல்லாம், அக்காளிடம் என்ன பேச வேண்டும், எப்படிக் கண்டிக்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். அவள் சங்கத்துக்குப் போயிருந்தாள். அத்தான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

கதவைத் திறந்தேன். முகத்தில் அனல் அடித்தது. இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் இருக்கிற துணியின் வாடை. இருட்டுக்குள் அந்த நீல உறை நான்கு பக்கமும் இறங்கி, அதற்குள்ளிருந்து சின்னதாக ஒரு வெளிச்சம் திராட்சைக் கொடியின் இடுக்கில் தெரிந்தது. சுவிட்ச் முன்பக்கத்தில். உறையின் ஓரத்தைத் தூக்கி, கையை உள்ளே விட்டேன்.

டக்.

என் கைக்குக் கீழேயே கேட்டது. கூடவே ஹாலில் ஏதோ ஒன்று நின்றது. என்ன நின்றது என்று முதலில் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அந்த ஸ்பீக்கர்களிலிருந்து இத்தனை நாளும் மெல்லிய இரைச்சல் ஒன்று வந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒருவர் பக்கத்தில் படுத்திருந்தால் வருமே, அந்த அளவுச் சத்தம். அது இருந்தவரை யாருக்கும் கேட்கவில்லை. நின்றபோது வீடு வீடாக இல்லை.

நானும் அத்தானும் அசையவில்லை. கையை வெளியே எடுக்கவும் எனக்குத் தைரியம் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மறுபடி டக். ஹாலில் அந்த இரைச்சல் வந்தது.

அத்தான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அரசாங்க ஆபீஸில் காலமெல்லாம் கோப்பு பார்த்தவர், எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதவர், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"வேண்டாம் வே. என்னால முடியாது" என்றார்.

கேட் திறக்கிற சத்தம் கேட்டது. அக்காள் சீக்கிரம் வந்துவிட்டாள். திறந்த கதவையும் உறைக்குள் இருந்த என் கையையும் பார்த்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"அணைக்கவா வந்த தம்பி?"

"வீடு எரிஞ்சிரும்க்கா."

"எரியட்டும்" என்றாள். வந்து என் கையை எடுத்துவிட்டு, உறையை இழுத்துச் சரிசெய்து, கதவைச் சாத்தினாள். சாத்திய கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "நேத்தைக்கு இன்னிக்குச் சூடு கூடத்தான் இருக்கு. அவனுக்கு என்னமோ செய்யுது. அதான் தட்டுதான். எனக்கு என்னன்னு தெரியமாட்டேங்கு."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை அசைத்தது. அவள் சந்தோஷமாக ஒன்றும் அந்தத் தட்டலைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பிள்ளை உள்ளேயிருந்து எதையோ கேட்கிறான், தனக்குப் புரியவில்லை என்று இத்தனை நாளும் தவித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஜாஸ்பருக்கு இந்தப் பாட்டுப் பெட்டிப் பைத்தியத்தில் கூட்டாளி ஒருவன் உண்டு. சாய்கிருஷ்ணன் என்று பெயர், கல்லிடைக்குறிச்சிக்காரன், ஜங்ஷனில் ஒரு வங்கியில் வேலை. அந்தப் பெட்டியை அன்றைக்குத் தூக்கிவந்த இரண்டு பேரில் ஒருவன். அடக்கத்துக்கு வந்தவன் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. அவனைத் தேடிப்பிடித்து, நண்பன் வீட்டை எட்டிப்பார்க்க இத்தனை மாதமா என்று நாலு வார்த்தை கேட்டு, ஞாயிற்றுக்கிழமை கோவில் ஆராதனை முடிந்த பிறகு வரச்சொன்னேன். அக்காளிடம் முன்பே சொன்னேன். அணைக்க மாட்டான், பார்க்க மட்டும்தான் என்று சத்தியம் செய்த பிறகு ஒத்துக்கொண்டாள்.

வந்தவன் முதலில் கதவைத் தொட்டான். சட்டென்று கையை எடுத்தான். கதவைத் திறந்து அந்த உறையைப் பார்த்ததும் அக்காள் பக்கம் திரும்பினான்.

"இதை எப்பம்மா போட்டீங்க?"

"அவன வீட்டுக்குக் கொண்டுவந்த அன்னிக்கு."

"அதுக்கப்புறம் எடுக்கவே இல்லையா?"

"இல்ல."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அக்காளைப் பார்க்காமல், பெட்டியைப் பார்த்தே பேசினான். "அம்மா, சூடு தாங்க முடியாதப்போ இது தானாவே நிறுத்திக்கும். எரிஞ்சு போகாம இருக்க உள்ளே அப்படி ஒரு ஏற்பாடு உண்டு. கொஞ்சம் ஆறினதும் திரும்ப வரும். நிறுத்தறப்போ ஒரு சத்தம், வர்றப்போ ஒரு சத்தம். அதைத்தான் நீங்க கேக்கறேள்."

அக்காள் முகம் மாறவே இல்லை. "எப்பவும் திரும்பி வந்திருமா?"

"வராதும்மா. இப்படியே விட்டா ஒரு நாள் நின்னுடும். அப்புறம் என்ன பண்ணாலும் வராது."

"என்ன செய்யணும்?"

"மூச்சு விட இடம் வேணும். மேல துணி கூடாது. கதவுல கீழ ஒரு திறப்பு, மேல ஒரு திறப்பு வெட்டணும். கீழ வழியா ஆறின காத்து உள்ள போகும். சூடு தன்னால மேல ஏறி வெளியே போயிடும். ஒரு சின்ன விசிறி வெச்சா இன்னும் நல்லது. இல்லாட்டாலும் போகும்."

"அப்ப கதவு?"

"கதவுக்கு என்னம்மா?"

"கதவு சில்லுனு போயிருமே" என்றாள்.

சாய்கிருஷ்ணனுக்கு விளங்கவில்லை. எனக்கும் அத்தானுக்கும் விளங்கியது. கதவில் சூடு இருக்க வேண்டுமென்றால் பெட்டி ஒரு நாள் செத்துவிடும். பெட்டி இருக்க வேண்டுமென்றால் காலையில் கை வைக்க அந்தச் சூடு இராது. இரண்டில் ஒன்றை அவள் எடுத்துக்கொள்ள வேண்டும். அதை அவளுக்காக வேறு யாரும் எடுக்க முடியாது.

அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். வெங்காயம் நறுக்குகிற சத்தம் வந்தது. எங்கள் மூன்று பேருக்கும் சோறு போட்டாள். நாங்கள் கை கழுவிவிட்டு வந்த பிறகு, "அணைக்காம செய்ய முடியுமா?" என்று சாய்கிருஷ்ணனிடம் கேட்டாள்.

அணைக்காமலே செய்தோம். ஆசாரி வந்து, மரத்தூள் உள்ளே விழாதபடி கதவைக் கீலோடு கழற்றி முற்றத்துக்குக் கொண்டுபோனார். அவர் அங்கே அறுத்துக்கொண்டிருக்கும்போது, அக்காள் பெட்டியின் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து, உறையின் நான்கு ஓரத்தையும் பிடித்து, தூங்குகிற பிள்ளையின் போர்வையை விலக்குகிற மாதிரி பைய எடுத்தாள். எடுத்ததைத் திருப்பிப் பார்த்தாள். உள்மடிப்புத் துணி கருகியிருந்தது. பெட்டியின் மேலே உள்ள கம்பிகள் ஒவ்வொன்றும் வரிவரியாகப் பழுப்பாகப் பதிந்திருந்தன. அவள் அந்த வரிகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டு சொன்னான்" என்றாள். "அணைக்காதீங்கன்னு சொன்னான். மூடாதீங்கன்னு சொன்னான். ஒண்ணத்தான கேட்டேன் நான்."

பிறகு அழுதாள். அடக்கத்தன்று அழுததை நான் பார்த்திருக்கிறேன். அது ஊரோடு சேர்ந்து அழுதது. இது வேறு. இத்தனை நாளாகப் பிள்ளையை நான்தான் மூச்சு முட்ட வைத்திருந்தேன் என்று அழுதாள். அப்படி இல்லை, அது வெறும் பெட்டி என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். முன்கோபக்காரனுக்குக் கோபப்பட யாரும் இல்லாவிட்டால் பேச்சே வராது போலிருக்கிறது.

கதவை மாட்டியாயிற்று. மேலும் கீழும் நீளமாக ஒரு திறப்பு, பல்லி போகாமல் கம்பிவலை. கம்ப்யூட்டருக்குள் வைக்கிற சின்ன விசிறி ஒன்றைச் சாய்கிருஷ்ணன் மேல் திறப்பில் பொருத்தினான். "சரியாயிருக்கான்னு ஒரு பாட்டு போட்டுப் பாக்கட்டுமா அம்மா?" என்று கேட்டான்.

"வேண்டாம். அவன் வந்து போடுதேன்னுட்டுப் போயிருக்கான்" என்றாள்.

அதன் பிறகு தட்டல் இல்லை. மறுநாள் காலையில் அவள் கதவில் கை வைத்தாளாம். மரம் மற்ற மரங்களைப்போல இருந்ததாம். அத்தான் போனில் சொன்னார். சாப்பிடவில்லை, வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள், பைக் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கக்கூட இல்லை என்றார். கதவு ஆறிய பிறகுதான் பிள்ளை செத்தது அவளுக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். நல்லது செய்கிறோம் என்று போய் அவளிடமிருந்து இருந்ததையும் பிடுங்கிவிட்டோமோ என்று எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை.

அடுத்த மாதம் பாளையங்கோட்டையில் ஒரு வேலையாகப் போனவன், சொல்லாமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அன்றைக்குப் பார்த்துக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். தெரு முழுக்கச் சத்தமில்லாமல் கிடந்தது. உள்ளே நுழைந்ததும் வேறு வீட்டுக்கு வந்துவிட்டது மாதிரி ஒரு குழப்பம். பிரிட்ஜ் வெறுமனே நின்றது. மிக்சி, டிவி, குடம், ஒன்றின் மேலும் துணி இல்லை. பத்து வருஷத்துக்கு முந்தி வாங்கிய ரிமோட் புத்தம் புதிதாக இருந்தது. உறைகளையெல்லாம் துவைத்து மடித்து டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டாளாம். எல்லாவற்றின் மேலும் மெல்லிசாகத் தூசி படிந்திருந்தது. அவள் துடைக்கவில்லை.

அத்தான் சாய்வு நாற்காலியில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். வேர்த்து வழிந்தது. வீட்டில் ஒரு விசிறி ஓடவில்லை. அக்காள் மாடிப்படிக்கு அடியில் ஒரு முக்காலி போட்டு அதன் மேல் ஏறி நின்று, கதவின் மேல் திறப்பில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணை மூடியிருந்தாள். எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறாளோ தெரியாது. என்னைக் கண்டதும் இறங்கினாள்.

"இங்கன கைய வை தம்பி."

திறப்பில் இருந்த சின்ன விசிறி நின்றுபோயிருந்தது. இன்வெர்ட்டரிலிருந்து அதற்கு இணைப்புக் கொடுக்கவில்லை. ஆனாலும் கம்பிவலைக்கு முன்னால் கையை வைத்ததும், வெதுவெதுப்பான காற்று உள்ளங்கையில் வந்து பட்டது. நிற்காமல், சத்தமில்லாமல் வந்துகொண்டே இருந்தது. ஹாலில் அந்த மெல்லிய இரைச்சல் இருந்தது.

"இப்ப மூச்சு முட்டலல்லா" என்றாள் அக்காள். பல மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

விசிறி இல்லாவிட்டாலும் சூடு தன்னால் மேலே ஏறும் என்று சாய்கிருஷ்ணன் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதை இப்போதே அவளிடம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இவள் திரும்பவும் பழைய இடத்துக்கே போய்விடுவாள் என்று தோன்றியது. "அக்கா, இங்க பாரு" என்று கொஞ்சம் உரக்கத்தான் ஆரம்பித்தேன்.

"பைய பேசும் வே" என்றார் அத்தான், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். "பிள்ள தூங்குதான்."

நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. கையையும் எடுக்கவில்லை.